கடல் புகுந்த வயலில் ஒரு ரசாயனக் கணக்கு

திருக்கடையூர் என்றதும் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அறுபதாம் கல்யாணம். அமிர்தகடேசுவரர் சந்நிதியில் சஷ்டியப்தபூர்த்தியும், எண்பதைத் தொட்டவர்களுக்குச் சதாபிஷேகமும் நடக்காத நாள் அபூர்வம். தேவரும் அசுரரும் கடலைக் கடைந்து எடுத்த அமிர்த கலசம் இவ்வூரில்தான் லிங்கமாக நிலைத்தது என்கிறது தல புராணம். மார்க்கண்டனைக் காப்பாற்ற ஈசன் யமனை உதைத்த தலமும் இதுவே.

கடல் அமிர்தம் கொடுத்த கதை அது. அதே கடல் கொடுக்கும் இன்னொரு பொருள் உப்பு. ஊருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி வங்காள விரிகுடா; தெற்கே போனால் தரங்கம்பாடி. காவிரியின் கடைமடைப் பிரதேசம் இது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, எத்தனையோ மதகுகள் தாண்டி, கடைசியாக எட்டிப் பார்க்கும் வயல்கள் இங்கே உள்ளவை. ஆற்று நீர் கடைசியில் வரும் இடத்துக்குக் கடல் நீர் முதலில் வந்துவிடுகிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை அப்படித்தான் வந்தது. அப்போது தரங்கம்பாடி வட்டாரம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020-ல்தான். தமிழ்நாட்டில் சுனாமி மிகக் கடுமையாகத் தாக்கிய மாவட்டம் நாகப்பட்டினமே. சுமார் 6,000 பேர் அங்கே மாண்டனர். அந்தத் துயரத்துக்கு முன்னால் வயலைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. ஆனால் உயிர் பிழைத்தவர்கள் மறுபடி சாப்பிட வேண்டுமே! கரையோரத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் கடல் நீர் ஏறி நின்றது. சம்பாப் பயிர் கருகியது. தண்ணீர் வற்றியதும் வயல் வெள்ளையாக உப்புப் பூத்தது.

வேளாண்மைத் துறையினர் வந்தார்கள். "ஜிப்ஸம் போடுங்கள், மழைத் தண்ணீரைத் தேக்கி வடியவிடுங்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள்" என்றார்கள். ஜிப்ஸமும் ஓர் உப்புத்தானே, உப்பை விரட்ட இன்னோர் உப்பா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில், பள்ளிப் பிள்ளைகள் மிகவும் பயப்படும் ஒரு பாடத்தில் இருக்கிறது. இணைதிறனைக் கொண்டு ரசாயன வாய்பாடு எழுதும் பாடம் அது.

கொடுக்கல் வாங்கல்

அணுவின் நடுவில் கரு. அதைச் சுற்றி எலெக்ட்ரான்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நிரம்பிய உள் அடுக்குகள் எந்த வம்புக்கும் போவதில்லை. கொடுக்கல் வாங்கல் எல்லாம் வெளி அடுக்கில்தான்.

ஸோடியம் அணுவிடம் 11 எலெக்ட்ரான்கள். அடுக்கு 2, 8, 1. கடைசியில் தனியாக நிற்கும் அந்த ஒன்றைக் கொடுத்துவிட்டால் அதற்கு நிம்மதி. க்ளோரினிடம் 17, அடுக்கு 2, 8, 7. எட்டு நிரம்ப ஒன்று குறை. இது கொடுக்க, அது வாங்க, இரண்டு பேருக்கும் காரியம் முடிந்தது. கொடுத்த ஸோடியத்தின் மேல் ஒரு நேர் மின்னூட்டம். வாங்கிய க்ளோரின் மேல் ஓர் எதிர் மின்னூட்டம். இப்படி மின்னூட்டம் ஏறிய அணுவுக்கு அயனி என்று பெயர். எதிரும் நேரும் ஒன்றை ஒன்று இழுக்கின்றன. சாப்பாட்டு உப்பு பிறந்துவிட்டது.

ஓர் அணு இப்படி எத்தனை எலெக்ட்ரானைக் கொடுக்கும், அல்லது வாங்கும் என்ற எண்ணிக்கைதான் அதன் இணைதிறன். ஆங்கிலத்தில் வேலன்ஸி என்பார்கள். இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களில் இதற்கு 'வலுவளவு' என்று பெயர். 'அளவு' என்ற சொல் அதற்குள் இருப்பது பொருத்தம். மரக்கால் வைத்து அளப்பது போல, இது அளந்து பார்க்கிற விஷயம்.

ஸோடியம், பொட்டாஷியம், க்ளோரின் ஆகியவற்றுக்கு இணைதிறன் 1. கால்ஷியம், மக்னீஷியம், ஆக்ஸிஜன் ஆகியவற்றுக்கு 2. அலுமினியத்துக்கு 3. பிள்ளைகள் இந்தப் பட்டியலைக் காரணம் தெரியாமல் நெட்டுருப் போடுவதுதான் பெரிய கஷ்டம். வெளி அடுக்கைப் பார்த்தால் இதில் பாதி தானே விளங்கிவிடும்.

ஒரு நுகத்தடி, இரண்டு மாடு

வாய்பாடு எழுதுவதற்கு உள்ள சட்டம் ஒன்றே ஒன்று. நேர் மின்னூட்டத்தின் மொத்தமும் எதிர் மின்னூட்டத்தின் மொத்தமும் சமமாக இருக்க வேண்டும். பற்று வரவு நேராகிவிட்டால் வாய்பாடு சரி.

கால்ஷியமும் க்ளோரினும் சேர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். கால்ஷியம் கொடுப்பது இரண்டு. ஒரு க்ளோரின் வாங்குவது ஒன்றுதான். ஆகவே இன்னொரு க்ளோரின் வந்தே தீர வேண்டும். ஒரு நுகத்தடிக்கு இரண்டு மாடு பூட்டுகிற மாதிரி, ஒரு கால்ஷியத்துக்கு இரண்டு க்ளோரின். 'சிஏசிஎல்' என்று எழுதி, கடைசியில் கீழே சின்னதாக 2 போடுகிறார்கள். ஸோடியம் க்ளோரைடில் ஒன்றுக்கு ஒன்று. ஆகவே வெறும் 'என்ஏசிஎல்'. ஸோடியத்துக்கு ஏன் 'என்ஏ' என்று பிள்ளைகள் கேட்பார்கள். நேட்ரியம் என்ற அதன் லத்தீன் பெயரின் முதல் இரண்டு எழுத்து அது. மூலகங்களுக்கு இப்படி எழுத்துக் குறி போடும் முறையை ஸ்வீடன் நாட்டு ரசாயன அறிஞர் பெர்ஸீலியஸ் 1813-ல் கொண்டுவந்தார்.

அலுமினியத்தையும் ஆக்ஸிஜனையும் சேர்க்கும்போதுதான் குழப்பம் வரும். ஒன்று மூன்று கொடுக்கிறது. மற்றது இரண்டு வாங்குகிறது. மூன்றுக்கும் இரண்டுக்கும் பொதுவான சிறிய எண் ஆறு. ஆறு கொடுக்க அலுமினியம் இரண்டு வேண்டும். ஆறு வாங்க ஆக்ஸிஜன் மூன்று வேண்டும். அலுமினிய ஆக்ஸைடு இரண்டுக்கு மூன்று. வகுப்பில் இதையே 'குறுக்கே மாற்றிப் போடு' என்று சொல்லிக்கொடுப்பார்கள். இவருடைய எண் அவர் காலடியில், அவருடைய எண் இவர் காலடியில். குறுக்கு வழி சரியான விடையைத் தரும். ஆனால் இரண்டுக்கு இரண்டு என்று வந்தால் ஒன்றுக்கு ஒன்று என்று சுருக்க மறக்கக் கூடாது. கால்ஷியம் ஆக்ஸைடில், அதாவது சுட்ட சுண்ணாம்பில், பல பிள்ளைகள் மார்க்கை விடுவது அங்கேதான்.

அயனிச் சேர்க்கையைக் கல்யாணம் என்று உவமை சொல்வது வழக்கம். திருக்கடையூரில் அந்த உவமை எளிதில் வாய்க்கு வரும். ஆனால் கல்லுப்பில் ஜோடி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு ஸோடியத்தையும் ஆறு க்ளோரின்கள் சூழ்ந்திருக்கின்றன. ஒவ்வொரு க்ளோரினையும் ஆறு ஸோடியங்கள் சூழ்ந்திருக்கின்றன. லாரன்ஸ் பிராக் 1913-ல் எக்ஸ் கதிரைக் கொண்டு இதைக் கண்டுபிடித்தார். எந்த ஸோடியம் எந்த க்ளோரினுக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாது. வாய்பாடு சொல்வது விகிதத்தை மட்டுமே.

மூட்டையில் எழுதியிருக்கும் ரசாயனம்

சில அணுக்கள் கூட்டுக் குடும்பமாகவே நடமாடும். ஒரு கந்தகமும் நான்கு ஆக்ஸிஜனும் சேர்ந்த ஸல்பேட்டுக்கு மொத்தமாக இணைதிறன் 2. கார்பனேட்டுக்கும் 2. நைட்ரேட்டுக்கு 1. பாஸ்பேட்டுக்கு 3. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த அம்மோனியத்துக்கு 1. இந்தக் குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது. இரண்டு தேவைப்பட்டால் முழுக் குடும்பத்தையும் அடைப்புக்குறிக்குள் போட்டு, வெளியே 2 எழுத வேண்டும். அம்மோனியம் ஸல்பேட் அப்படித்தான்: இரண்டு அம்மோனியம், ஒரு ஸல்பேட்.

தஞ்சை ஜில்லாவில் டிஏபி மூட்டையைத் தூக்காத விவசாயி இல்லை. அதில் 'டி' என்பது 'டை', அதாவது இரண்டு. டை அம்மோனியம் பாஸ்பேட். பாஸ்பேட்டுக்கு இணைதிறன் மூன்று என்றால் அம்மோனியம் ஏன் இரண்டு? மூன்று இடத்தில் ஒன்றை ஒரு ஹைட்ரஜன் பிடித்துக்கொண்டிருக்கிறது. மீதி இரண்டு இடத்துக்கு இரண்டு அம்மோனியம். இணைதிறன் கணக்கின் விடையைத்தான் கடைக்காரரிடம் தினமும் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள்! பக்கத்து மூட்டையில் இருக்கும் பொட்டாஷ் என்பது பொட்டாஷியம் க்ளோரைடு, ஒன்றுக்கு ஒன்று. யூரியாவை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதில் அணுக்கள் எலெக்ட்ரானைக் கொடுத்து வாங்குவதில்லை, பங்கு போட்டுக்கொள்கின்றன. அது வேறு பாடம்.

இரட்டை வேஷக்காரர் ஒருவரும் உண்டு. அவர் இரும்பு. சில சமயம் இரண்டு கொடுப்பார். சில சமயம் மூன்று. காற்றுப் படும் மண்ணில் இரும்பின் இணைதிறன் மூன்று. துருவின் செந்நிறம் அதனுடையது. வயலில் தண்ணீர் கட்டிச் சில வாரம் நின்றால் மண்ணில் காற்று அற்றுப்போகிறது. இரும்பு இரண்டுக்கு இறங்கித் தண்ணீரில் கரையத் தொடங்குகிறது. நெல் வேர் தன் வழியாகக் கொஞ்சம் ஆக்ஸிஜனை வெளியே விடும். அது பட்டதும் வேரைச் சுற்றியுள்ள இரும்பு மறுபடி மூன்றாகித் துருவாகப் படிகிறது. சேற்றிலிருந்து பிடுங்கிய நெல் வேரில் செம்மண் நிறம் ஒட்டியிருப்பது அதனால்தான்.

உப்பளத்தில் நிற்கும் வரிசை

கடல் நீரில் ஒரு கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. எடையில் நூற்றுக்கு 85 பங்கு ஸோடியமும் க்ளோரினுமே. மீதியில் ஸல்பேட், மக்னீஷியம், கால்ஷியம், பொட்டாஷியம் ஆகியவை பெரிய புள்ளிகள்.

வேதாரண்யம் உப்பளங்களில் இந்த நீர் வெயிலில் சுண்டும்போது எல்லா உப்பும் ஒன்றாக விழுவதில்லை. தண்ணீர் ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும் சமயத்தில் கால்ஷியம் ஸல்பேட் பிரிகிறது. இரண்டுக்கு இரண்டு, ஆகவே ஒன்றுக்கு ஒன்று. கூடவே இரண்டு நீர் மூலக்கூறுகளையும் கட்டிக்கொண்டு வருகிறது. இதுதான் ஜிப்ஸம். பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது சாப்பாட்டு உப்பு படிகிறது. எஞ்சும் கசப்பு நீரில் மக்னீஷியம் க்ளோரைடு: ஒரு மக்னீஷியத்துக்கு இரண்டு க்ளோரின். இது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. மழைக்காலத்தில் சமையலறைக் கல்லுப்பு ஜாடி கசிகிறதே, அந்த உப்போடு கொஞ்சம் மக்னீஷியம் ஒட்டிக்கொண்டு வந்ததுதான் காரணம்.

வேதாரண்யம் என்றால் 1930 நினைவுக்கு வராமல் போகாது. திருச்சியிலிருந்து ஏப்ரல் 13-ந் தேதி சுமார் 100 தொண்டர்களோடு புறப்பட்ட ராஜாஜி, தஞ்சை ஜில்லாவை நடந்தே கடந்து, அந்த மாதக் கடைசியில் வேதாரண்யத்தில் தடையை மீறி உப்பு எடுத்துச் சிறை சென்றார். அவருக்கு ரசாயனத்திலும் பிடிப்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1916-ல் சேலத்தில் விஞ்ஞானத்துக்குத் தமிழ்ச் சொற்கள் உண்டாக்கப் புறப்பட்ட சங்கத்தில் முன்னின்றவர் அவர். பின்னாளில் 'திண்ணை ரசாயனம்' என்று ஒரு புத்தகமே எழுதினார். உப்புக்காகச் சிறை சென்றவர் உப்பின் ரசாயனத்தையும் திண்ணைக்குக் கொண்டுவந்தார்!

களிமண்ணின் கடன்

இனி வயலுக்குத் திரும்பலாம். டெல்டாவின் கறுப்புக் களிமண்ணை உருப்பெருக்கிப் பார்த்தால் ஏடு ஏடாக இருக்கும். அந்த ஏடுகளில் அலுமினியம் உட்கார வேண்டிய சில இடங்களில் மக்னீஷியம் உட்கார்ந்திருக்கிறது. மூன்று கொடுக்க வேண்டிய இடத்தில் இரண்டு கொடுப்பவர்! ஒவ்வோர் இடத்திலும் ஒன்று குறைகிறது. அந்தக் குறையால் ஏடு முழுவதும் எதிர் மின்னூட்டம் ஏறி நிற்கிறது. அதை ஈடுகட்ட, தண்ணீரில் வரும் நேர் அயனிகளைக் களிமண் தன் மேல் பிடித்து வைத்துக்கொள்கிறது. உரத்திலிருந்து வரும் அம்மோனியமும் பொட்டாஷியமும் மழையில் அடித்துப் போகாமல் மண்ணில் தங்குவது இந்தக் கடனின் புண்ணியத்தால்.

நல்ல வயலில் அந்த இடங்களில் பெரும்பாலும் கால்ஷியம் இருக்கும். இரண்டு மின்னூட்டம் உள்ள கால்ஷியம் ஏடுகளைச் சேர்த்துப் பிடித்து, மண்ணைப் பொலபொலவென்று வைக்கும். கடல் நீர் புகுந்தால் ஸோடியம் கூட்டமாக வந்து கால்ஷியத்தைத் தள்ளிவிடுகிறது. ஸோடியத்துக்கு மின்னூட்டம் ஒன்றுதான். தன்னைச் சுற்றி நீரையும் சேர்த்துக்கொண்டு பருத்து நிற்கும். ஏடுகள் விலகுகின்றன. கடலுப்பு கழுவிப் போகப் போக, ஸோடியம் ஏறிய களிமண் கரைந்து மண்ணின் கண்களை அடைத்துவிடும். பிறகு விட்ட தண்ணீர் கீழே இறங்காது. காய்ந்தால் ஓடு போல் இறுகும். உப்புக் கரைந்து நிற்கும் நிலத்தை உவர் என்றும், ஸோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்ட நிலத்தைக் களர் என்றும் சொல்வார்கள். உவர் நிலத்துக்கு நல்ல தண்ணீர் போதும். களர் நிலத்தை வெறும் தண்ணீரால் திருத்த முடியாது. 1990-களில் இக்கரையோரம் பெருகிய இறால் பண்ணைகளைப் பற்றி விவசாயிகள் போராடியதும், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் இதே உப்பு நீர் விவகாரத்தை ஒட்டித்தான்.

மண்ணின் இந்தப் பண்டமாற்றை முதலில் கவனித்தது இங்கிலாந்தில். யார்க்ஷயரைச் சேர்ந்த தாம்ஸன் என்ற நிலக்கிழார் 1845-ல் அம்மோனியம் ஸல்பேட் கரைசலை மண்ணின் வழியாக வடியவிட்டுப் பார்த்தார். கீழே வந்தது ஜிப்ஸம்! அம்மோனியத்தை மண் வைத்துக்கொண்டு, தன்னிடமிருந்த கால்ஷியத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தது. தாமஸ் வே என்ற ரசாயன அறிஞர் 1850-ல் இதை அளந்து பார்த்து, மண் வாங்கியதற்குச் சமமான அளவே கொடுக்கிறது என்று நிரூபித்தார். ஜெர்மனியில் பெரும் புகழோடிருந்த லீபிக் இதை ஏற்கவில்லை. இணைதிறன் என்ற கருத்தை பிராங்க்லண்டு வெளியிட்டதோ 1852-ல். பெயர் வைப்பதற்கு முன்பே மண் கணக்கைச் சரியாக எழுதிக்கொண்டிருந்தது.

ஒரு '2' செய்யும் வேலை

தாம்ஸன் பார்த்ததைத் திருப்பிச் செய்வதுதான் ஜிப்ஸ வைத்தியம். ஜிப்ஸத்திலிருந்து ஒரு கால்ஷியம் களிமண்ணில் ஏறினால் இரண்டு ஸோடியம் இறங்கியாக வேண்டும். இறங்கிய இரண்டும் ஸல்பேட்டோடு சேர்ந்து ஸோடியம் ஸல்பேட்டாகின்றன. இரண்டு ஸோடியம், ஒரு ஸல்பேட். பற்று வரவு நேர். இந்த உப்பு தண்ணீரில் நன்றாகக் கரையும், வடியவிட்டால் போய்விடும்.

எடைக் கணக்கைப் பாருங்கள். ஜிப்ஸத்தின் வாய்பாட்டு எடை 172. ஸோடியத்துக்கு 23, இரண்டுக்கு 46. எனவே 46 கிலோ ஸோடியத்தை இறக்க 172 கிலோ சுத்தமான ஜிப்ஸம் தேவை. உதாரணமாக, ஓர் ஏக்கர் மேல் மண்ணிலிருந்து 460 கிலோ ஸோடியத்தை இறக்க வேண்டுமானால் 1,720 கிலோ. கால்ஷியத்தின் இணைதிறன் ஒன்று என்று யாராவது தப்பாகப் போட்டால் 3,440 கிலோ என்று வரும். பரீட்சையில் அரை மார்க் போகிற இந்தப் பிழைக்கு, வயலில் இரண்டு மடங்கு மூட்டையும் இரண்டு மடங்கு வண்டிக் கூலியும் விலை. போட்ட ஜிப்ஸம் முழுவதும் வேலை செய்வதில்லை, மூட்டையில் கலப்பும் இருக்கும்; ஆகவே இதற்கு மேல் எவ்வளவு கூட்டுவது என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும்.

சுண்ணாம்புக் கல்லிலும் கால்ஷியம் இருக்கிறதே, அதை அரைத்துப் போட்டால் என்ன? கால்ஷியம் கார்பனேட்டும் ஒன்றுக்கு ஒன்றுதான். வாய்பாட்டில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் களர் மண்ணில் அது கரைவதே இல்லை என்று சொல்லலாம். ஜிப்ஸம் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் கூடக் கரையும். யார் யாரோடு எந்த விகிதத்தில் சேர்வார் என்பதை இணைதிறன் சொல்லும். தண்ணீரில் கரைவாரா என்பதை அது சொல்லாது. அதற்கு வேறு அட்டவணை பார்க்க வேண்டும். நிதானமாகக் கரைகிற சரக்கு என்பதால் ஜிப்ஸத்தை மண்ணோடு கலந்து, தண்ணீரைச் சில நாள் கட்டி வைக்கச் சொல்கிறார்கள்.

ஜிப்ஸத்துக்குத் தூரம் போகவும் வேண்டியதில்லை. பெரம்பலூர் பக்கம் ஊட்டத்தூர், காரை வட்டாரத்துக் களிமண் படுகைகளில் அது கிடைக்கிறது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் மூடியிருந்த நிலம் அது. உர ஆலைகளில் பாஸ்பாரிக் அமிலம் செய்யும்போதும் உபபொருளாக ஜிப்ஸம் குவிகிறது.

கடைமடையில் பெரிய சிக்கல் வடிகால்தான். நிலம் கடல் மட்டத்தை ஒட்டிக் கிடக்கிறது; தூர்ந்த வாய்க்காலில் தண்ணீர் நகராது. கால்ஷியம் தன் வேலையை ஒழுங்காகச் செய்து ஸோடியத்தை இறக்கிவிட்டாலும், அந்தத் தண்ணீர் வயலிலேயே வற்றினால் ஸோடியம் பழைய இடத்தில் ஏறப் பார்க்கும். அதனால் முதலில் வடிகாலைத் தூர் வாரி, வயலைப் பாத்தி பாத்தியாக வரப்புக் கட்டி, ஜிப்ஸம் தூவி உழுது, நல்ல தண்ணீர் தேக்கி, வடித்து, மறுபடி தேக்கி, மறுபடி வடிக்க வேண்டும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழ வேண்டும். அது மக்கும்போது உண்டாகும் கரியமில வாயு, மண்ணில் ஏற்கெனவே கரையாமல் கிடக்கும் சுண்ணாம்பையும் கொஞ்சம் கரைத்துக் கால்ஷியத்தை வெளிக்கொண்டு வரும். அதன் பின் உவர் தாங்கும் நெல் ரகமாகப் பார்த்து நடலாம். திருச்சியில் உருவாக்கிய டி.ஆர்.ஒய். 1 அப்படிப்பட்ட ஒரு ரகம்.

2005-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் அளவுக்கு மீறிப் பெய்தது. பல ஊர்களில் அது வெள்ளச் சேதம். கடல் நீர் புகுந்த வயல்களுக்கோ காசில்லாமல் கிடைத்த நல்ல தண்ணீர். வரப்பை வெட்டிவிட்ட இடங்களில் அந்தத் தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வடிகாலில் இறங்கி, வந்த வழியே கடலுக்குப் போயிற்று.